ஒரே வாசலில் இரண்டாம் முறை: சிறார் கதையில் பாத்திரத்தின் வளர்ச்சி

சிறார் கதையில் ஒரு பாத்திரம் வளர்ந்திருக்கிறதா என்பது, கதையின் தொடக்கத்தில் அது நின்ற இடத்துக்கே மறுபடி வந்து நிற்கும்போது தெரிந்துவிடும். முதல் முறை அங்கே நின்று செய்ததை இப்போது அது செய்யாது, வேறொன்றைச் செய்யும். அந்த வேறுபாட்டை வாசிக்கும் குழந்தை தானாகவே பிடித்துக்கொள்ளும். பெரியவர்களுக்கான நாவலில் மனவோட்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதி மாற்றத்தை உணர்த்தலாம். ஒன்பது வயது வாசகர் அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு, அடுத்து என்ன நடந்தது என்று தேடுவார். கை என்ன செய்தது, கால் எங்கே போனது, வாய் என்ன சொன்னது என்பதே அவருக்கு வேண்டும். ஆகவே சிறார் கதையை எழுதுபவர் மனமாற்றத்தைச் செயலாக்கித்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் இ. பி. வைட் 1952இல் வெளியிட்ட 'சார்லட்ஸ் வெப்' இந்த வேலையைக் கற்க மிகச் சிறந்த நூல். வில்பர் என்ற பன்றிக்குட்டி மூன்றாம் அத்தியாயத்தில், தளர்ந்துபோன வேலிப் பலகையைத் தள்ளிக்கொண்டு பட்டியைவிட்டு வெளியே போகிறது. பண்ணை முழுக்கக் கூச்சல், ஆளாளுக்குத் துரத்துகிறார்கள். கடைசியில் பண்ணைக்காரர் ஒரு வாளி கழனித்தண்ணியைக் காட்டுகிறார். வெதுவெதுப்பான பாலும் உருளைக்கிழங்குத் தோலும் காலை உணவின் மிச்சமும் கலந்த வாளி. 'அது சூழ்ச்சி, போகாதே' என்று வாத்து கத்தியும் வில்பருக்குக் கேட்கவில்லை. வாசனையின் பின்னாலேயே நடந்து பட்டிக்குள் திரும்பிவிடுகிறது. இருபத்தோராம் அத்தியாயத்தில், சந்தைத் திடலில், சார்லட் என்ற சிலந்தி சாகக் கிடக்கிறது. அதன் முட்டைப் பையை உயரத்திலிருந்து பத்திரமாக எடுத்துவர எலியால்தான் முடியும், எலியோ மறுக்கிறது. இனிமேல் தொட்டியில் தீனி விழுந்ததும் எலி வயிறு முட்டத் தின்ற பிறகே தான் வாய் வைப்பதாக வில்பர் வாக்குக் கொடுக்கிறது. ஒரு வாளிக்காகச் சுதந்திரத்தையே விட்டுக்கொடுத்த பன்றி, இப்போது தோழியின் பிள்ளைகளுக்காகத் தன் வாளியை விட்டுக்கொடுக்கிறது. அது வளர்ந்துவிட்டது என்று வைட் ஓரிடத்திலும் எழுதவில்லை. வாளியை இரண்டு முறை கொண்டுவந்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இங்கே உண்டு. வில்பர் கடைசிவரை வில்பராகவே இருக்கிறது. சார்லட் பண்ணைக்குத் திரும்பப் போவதில்லை என்று தெரிந்ததும் தரையில் விழுந்து புரண்டு அழுகிறது. முதல் அத்தியாயங்களில் அழுத அதே குட்டிதான் அது. சாப்பாட்டு ஆசையும் போகவில்லை. ஆசை போயிருந்தால் விட்டுக்கொடுத்ததற்கு விலையே இருந்திருக்காது. குணத்தை வேரோடு பிடுங்கிவிட்டு வேறு குணத்தை நடுவது வளர்ச்சி ஆகாது. புதிதாக எழுத வருபவர்களின் கைப்பிரதிகளில் மிகுதியாகக் காணப்படும் பிழை இதுதான்: சோம்பேறி ஒரே இரவில் சுறுசுறுப்பாகிறான், கோபக்காரி சாந்தமாகிறாள். குழந்தைகள் இதை நம்புவதில்லை. தங்கள் கோபம் அப்படிப் போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

பிரான்சிஸ் ஹாட்சன் பர்னெட் 1911இல் நூலாக வெளியிட்ட 'தி சீக்ரெட் கார்டன்' இதையே இன்னும் நுட்பமாகச் செய்கிறது. ஒன்பது வயது மேரி பிரிட்டிஷ் இந்தியாவில் வளர்ந்தவள். பெற்றோர் அவளைக் கண்டுகொள்வதில்லை. அவளோ தன்னை வளர்க்கும் ஆயாவை ஏசுவாள், அறைவாள். காலரா பரவிய காலையில் அவள் தோட்டத்தில் தனியாக உட்கார்ந்து, மண்ணைக் குவித்து, பறித்த செம்பருத்திப் பூக்களை அதில் குத்திவைத்து விளையாடுகிறாள். வேரில்லாத பூக்கள். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் உள்ள மாமாவின் மாளிகைக்கு அனுப்பப்பட்ட பிறகு, பூட்டிக்கிடந்த தோட்டத்துக்குள் நுழைந்து, புல்லுக்குள் மூச்சுத்திணறும் பச்சை முளைகளைக் காண்கிறாள். கூர்மையான ஒரு கட்டையால் அவற்றைச் சுற்றிக் களை பறிக்கிறாள். அதே குழந்தை, அதே மண். முதலில் தன் பொழுதுபோக்குக்காகச் செடியைப் பறித்த கை, இப்போது செடிக்கு இடம் விடுகிறது. இதைச் செய்யச் சொன்னவர் யாருமில்லை. தோட்டவேலை தெரியாதவள், அந்த முளைகளால் மூச்சுவிட முடியவில்லை என்று தனக்குத் தோன்றியதால் செய்கிறாள்.

அந்நூலில் ஆயாவுக்குப் பெயர் கிடையாது. காலராவில் செத்துப்போகிறாள், மேரி அவளுக்காக அழுவதும் இல்லை. இந்தியாவை நோயும் சோர்வும் உள்ள இடமாக மட்டும் பார்த்த காலத்தின் கண் அது. தமிழில் வாசிப்பவருக்கு அந்த இடம் உறுத்தும், உறுத்தவும் வேண்டும். ஆனால் பதின்மூன்றாம் அத்தியாயத்தில், மாளிகையில் மறைத்து வளர்க்கப்படும் நோயாளிச் சிறுவன் காலினுக்குத் தூக்கம் வராதபோது, மேரி அவன் கையைத் தட்டிக்கொடுத்து இந்துஸ்தானியில் மெல்லப் பாடுகிறாள். ஆயா தனக்குச் செய்ததை அப்படியே செய்கிறாள். அறைந்த குழந்தை, தான் அறைந்த கையிடமிருந்து வாங்கியதை இன்னொரு குழந்தைக்குக் கொடுக்கிறது. பர்னெட் இதை எவ்வளவு தெரிந்து செய்தார் என்பது வேறு கேள்வி. நூலின் மிக ஆழமான இடம் இதுவே. வாங்கியவர் கொடுப்பவராவது சிறார் கதையில் வளர்ச்சியின் முதன்மையான வடிவம். குழந்தையின் உலகத்தில் சோறு, துணி, தூக்கம், அனுமதி எல்லாமே பிறர் கொடுத்து வருபவை. தன்னிடம் கொடுக்க ஏதோ இருக்கிறது என்று ஒரு குழந்தை கண்டுகொள்வது பெரிய திருப்பம். இதே நூலில் ஒரு குறையும் உண்டு. கடைசிப் பகுதியில் கதை காலினின் கைக்குப் போய்விடுகிறது. மேரி ஓரத்துக்குத் தள்ளப்படுகிறாள். அவ்வளவு தூரம் அவளோடு நடந்துவந்த வாசகருக்கு இது ஏமாற்றமே.

இத்தாலிய எழுத்தாளர் கார்லோ கொலோடியின் 'பினோக்கியோ' 1881 ஜூலையில் ஒரு சிறுவர் இதழில் தொடராகத் தொடங்கியது. பதினைந்தாம் அத்தியாயத்தில் மரப்பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டுக் கொலோடி கதையை முடித்துவிட்டார். கீழ்ப்படியாத பிள்ளைக்குத் தண்டனை, அதோடு சரி. சின்ன வாசகர்கள் அதை ஏற்கவில்லை. கதை மறுபடி தொடங்கி, முப்பத்தாறு அத்தியாயங்களாக வளர்ந்து, 1883இல் நூலானது. தண்டனைக் கதையும் வளர்ச்சிக் கதையும் எங்கே பிரிகின்றன என்பதை இந்த ஒரே நூலுக்குள் பார்க்கலாம். முதல் பகுதியில் பொம்மை தப்புச் செய்கிறது, அடி வாங்குகிறது. நீட்டித்த பகுதியில்தான் முதலில் நடந்தவற்றுக்குப் பதில் வருகிறது. தச்சர் ஜெப்பெத்தோ கொட்டும் பனியில் தன் மேல்கோட்டை விற்றுப் பினோக்கியோவுக்கு அரிச்சுவடி வாங்கித் தந்திருந்தார்; அதை அவன் நான்கு காசுக்கு விற்றுப் பொம்மலாட்டம் பார்க்கப் போனான். கடைசி அத்தியாயத்தில் நோயுற்ற தந்தைக்கு ஒரு டம்ளர் பாலுக்காக நூறு வாளித் தண்ணீர் இறைக்கிறான், கூடை முடைகிறான். புதுக் கோட்டு வாங்கச் சேர்த்த நாற்பது காசோடு கடைத்தெருவுக்குப் போகும் வழியில், தேவதை நோயில் கிடப்பதை நத்தையிடமிருந்து கேட்டு, அவ்வளவையும் கொடுத்துவிடுகிறான். விற்ற கோட்டு, வாங்காமல் விட்ட கோட்டு. இவை இரண்டுக்கும் நடுவில்தான் அவன் மனிதப் பிள்ளையாவதற்கான நியாயம் இருக்கிறது.

இந்த முறையைப் பட்டறையில் கற்பிப்பதற்கு ஒரு சிறிய கதை போதும். மதுரைப் பக்கத்துப் பின்னணியில், பட்டறை ஒன்றில் எழுதப்பட்டது அது. செல்வத்துக்கு ஒன்பது வயது. அண்ணாச்சி கடையில் சீரகம் வாங்கிவர அம்மா அனுப்புகிறாள். மீதி ஐந்து ரூபாய்க்குத் தேன்மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டு, "அண்ணாச்சி மீதி தரல" என்கிறான். முதல் வரைவில் அப்பத்தா அவனைத் திண்ணையில் உட்காரவைத்துப் பொய் சொன்ன ஒருவனின் கதையைச் சொல்கிறாள். அவன் அழுகிறான், இனிமேல் பொய் சொல்வதில்லை என்று சத்தியம் செய்கிறான். இதைக் குழந்தைகளுக்கு வாசித்துக்காட்டியபோது, அப்பத்தா வாயைத் திறந்ததும் அவர்கள் பாயின் ஓரத்தைப் பிய்க்கத் தொடங்கிவிட்டார்கள். வாசித்து முடித்ததும் மிட்டாய் தின்னும் இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள்.

அடுத்த வரைவில் அப்பத்தாவின் கதை போய்விட்டது. ஒரு வாரம் கழித்துத் தங்கை ராணி கடைக்குப் போகிறாள். திரும்பி வந்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே, "அண்ணாச்சி மீதி தரலம்மா" என்கிறாள். அது பொய் என்று அந்த வீட்டில் ஒருவனுக்குத்தான் தெரியும். அவனுடைய பொய்தான் அது, சொல்கூட மாறவில்லை. "போன வாரமும் இப்படித்தான் பண்ணாரு. இன்னைக்கு நாலு வார்த்தை கேக்காம விடுறதில்ல" என்று அம்மா செருப்பை மாட்டுகிறாள். செல்வம் வாசலில் நிற்கிறான். "அம்மா, போகாத. போன வாரம் அண்ணாச்சி மீதி குடுத்தாரு" என்கிறான். தங்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவன் ஒப்புக்கொண்டது தன் பங்கை மட்டும். இந்த இடத்தை வாசித்தபோது அறை அமைதியாக இருந்தது; பிறகு ஒரு சிறுமி, "தங்கச்சி காசு என்னாச்சு?" என்று கேட்டாள். கதை அதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே சரி. பதில் சொல்லியிருந்தால் இன்னொரு குற்றவாளியும் இன்னொரு தண்டனையும் கதைக்குள் வந்திருக்கும். செல்வம் பெரிய உத்தமனாகிவிடவில்லை. ஒருவர்மேல் வீண்பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாத அளவுக்கு வளர்ந்திருக்கிறான். ஒன்பது வயதுக்கு அது போதும்.

பெரியவர்களின் பாத்திரங்களைச் சிறார் கதையில் வைப்பதில் ஒரு கட்டுப்பாடு தேவைப்படுகிறது. மாற்றம் நிகழும் கணத்தில் பெரியவர் அங்கே இருக்கலாம், வழிகாட்டக் கூடாது. சார்லட் வில்பருக்கு எல்லாம் செய்கிறது. ஆனால் முட்டைப் பையைக் காப்பாற்றும்படி கேட்கவில்லை. அந்த எண்ணம் வில்பருக்கே உதிக்கிறது. காலின் ஒரு நாள் இரவு கத்தி ஊரைக் கூட்டும்போது, வீட்டில் உள்ள பெரியவர்கள் யாரும் அவனை அடக்க முடியாமல் கைபிசைகிறார்கள். அவன் அளவுக்கே கத்திப் பழகிய மேரிதான் அறைக்குள் பாய்ந்து அவனை எதிர்க்கிறாள். தன் பழைய முகத்தை எதிரில் பார்ப்பதுபோல அமையும் இத்தகைய சந்திப்புகளுக்கு அறிவுரைப் பக்கங்கள் ஈடாகாது. அதற்காகப் பெரியவர்கள் மரக்கட்டைகளாக இருக்க வேண்டும் என்றில்லை. கனடிய எழுத்தாளர் எல். எம். மான்ட்கோமெரியின் 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' 1908இல் வந்தது. பண்ணை வேலைக்கு ஒரு பையன் வேண்டும் என்று கேட்டு, தவறுதலாக வந்த சிறுமியைத் திருப்பி அனுப்ப நினைக்கும் மரிலாதான் அந்நூலில் ஆன் என்ற அந்தச் சிறுமியைவிட அதிகம் மாறுபவர் என்று சொன்னாலும் பொருந்தும்.

எல்லாப் பாத்திரங்களும் வளர வேண்டியதில்லை. பஞ்சதந்திரத்து நரி எப்போதும் நரிதான். தெனாலிராமன் ஒரு கதையில் கற்ற பாடத்தை அடுத்த கதைக்கு எடுத்துப்போவதில்லை. அவர்களிடம் வாசகர் எதிர்பார்ப்பது நிலைத்த குணத்தைத்தான். வளர்ச்சிக் கதைக்குள்ளும் மாறாத ஒருவர் தேவை. வைட்டின் எலி டெம்பிள்டன் முதல் பக்கம் தொட்டுக் கடைசிப் பக்கம்வரை தன் வயிற்றையே நினைக்கிறது; முட்டைப் பையைக் கொண்டுவருவதும் தீனிக்காகவே. எலியையும் நல்லதாக மாற்றியிருந்தால் வில்பர் கொடுத்த விலை காணாமல் போயிருக்கும்.

சுவீடனின் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் படைத்த பிப்பி லாங்ஸ்டாக்கிங் மாறாத பாத்திரங்களில் தனி இடம் பெற்றவள். 1941இல் நோயில் படுத்திருந்த மகளுக்குச் சொல்லத் தொடங்கிய கதை 1945இல் நூலாக வந்தது. பிப்பிக்கு ஒன்பது வயது. குதிரையைத் தூக்கும் வலிமை, பெட்டி நிறையத் தங்கக் காசு, தனக்கென ஒரு வீடு. கேட்டு வாங்க வேண்டிய நிலையில் அவள் இல்லை. அதனால் வளர வேண்டிய தேவையும் இல்லை. பக்கத்து வீட்டு டாமியும் அன்னிகாவும்தான் அவளைப் பார்த்துத் தைரியம் பெறுகிறார்கள். 1948இல் வந்த மூன்றாம் நூலின் முடிவில் மூவரும் வளராமல் இருப்பதற்கான மாத்திரைகளை விழுங்குகிறார்கள். அன்றிரவு டாமியும் அன்னிகாவும் தங்கள் ஜன்னலிலிருந்து பார்க்கிறார்கள். பிப்பி மேசைமேல் தலை சாய்த்து, எரியும் மெழுகுவத்தியைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு அதை ஊதி அணைக்கிறாள். வளராமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதைச் சொற்களே இல்லாமல் லிண்ட்கிரன் வைத்துவிட்டுப் போகிறார்.

படக்கதையில் இடம் மிகக் குறைவு. மாரிஸ் செண்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' 1963இல் வந்தது. ஆங்கிலத்தில் மொத்தம் 338 சொற்கள். குறும்பு செய்த மாக்ஸை அம்மா இரவுச் சாப்பாடு இல்லாமல் படுக்க அனுப்புகிறாள். அவன் அறைக்குள் காடு முளைக்கிறது. கடல் தாண்டிப்போய்க் காட்டு உருவங்களுக்கு அரசனாகிறான். கோபம் ஏற ஏறப் படங்கள் பெரிதாகிக்கொண்டே போய், ஆட்டம் உச்சத்தை எட்டும் மூன்று இரட்டைப் பக்கங்களில் சொல்லே இல்லாமல் நிறைந்துவிடுகின்றன. பிறகு மாக்ஸ் அந்த உருவங்களைச் சாப்பாடு இல்லாமல் படுக்க அனுப்புகிறான்! அம்மாவின் தண்டனை அவன் வாயிலிருந்து வருகிறது. அனுப்பிய பிறகே அவனுக்குத் தனிமை உறைக்கிறது, வீடு திரும்புகிறான். சாப்பாடு இன்னும் சூடாக இருக்கிறது. நான்கைந்து வயதுக் குழந்தைக்குப் பாத்திரத்தின் வளர்ச்சி என்பது பெரும்பாலும் இவ்வளவுதான்: ஒரு கோபம் வந்து, உச்சத்துக்குப் போய், தணிவது. அதற்கு மேல் கேட்டால் படக்கதை தாங்காது.

பேச்சிலும் வளர்ச்சி தெரியும். மேரி யார்க்ஷயர் வட்டார வழக்கை வேலைக்காரப் பெண் மார்த்தாவிடமும் அவள் தம்பி டிக்கனிடமும் கற்றுக்கொண்டு, ஆசையோடு பேசத் தொடங்குகிறாள். மனிதரிடம் நெருங்குவதன் அடையாளம் அது. தமிழில் எழுதுபவர் கையில் இதற்கு அருமையான கருவி இருக்கிறது. 'நீ', 'நீங்க' என்ற இரண்டு சொற்களுக்குள்ளேயே ஓர் உறவின் முழு வரலாற்றையும் வைக்கலாம். அப்பா மறுமணம் செய்துகொண்ட வீட்டில், சிறுமி புதிதாக வந்தவரை முதலில் எந்த முறைச்சொல்லும் இல்லாமல், சுவரைப் பார்த்து, "பசிக்குது" என்கிறாள். பத்துப் பக்கம் தாண்டி, "சித்தி, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறாள். இன்னும் பல நாள் கழித்து, சண்டையின் நடுவே, "நீ போ சித்தி!" என்கிறாள். அம்மாவை 'நீ' என்றே அழைத்துப் பழகிய வீடுகளில் வளர்ந்த வாசகருக்கு, அந்த 'நீ' நெருக்கம் என்று உடனே புரியும். மொழிபெயர்ப்பாளருக்கு இதே இடம் பெரும் பொறுப்பு. வில்பர் சார்லட்டை 'நீ' என்று சொல்லுமா, 'நீங்க' என்று சொல்லுமா என்பதை ஆங்கில மூலம் சொல்லித் தருவதில்லை. அதைத் தமிழில் முடிவு செய்பவர் அந்த இரண்டு உயிர்களின் உறவையும் சேர்த்தே முடிவு செய்கிறார்.

இவையெல்லாம் முதல் வரைவிலேயே கைகூடுவது அரிது. பாத்திரம் கடைசியில் என்ன செய்யும் என்று தெரிந்த பிறகுதான், தொடக்கத்தில் அது என்ன செய்திருக்க வேண்டும் என்பது புலப்படும். எனவே முதல் பக்கம் பெரும்பாலும் கடைசியாகத்தான் எழுதப்படுகிறது. மெய்ன் மாநிலத்துப் பண்ணையில் தன் பன்றி நோயில் செத்ததைப் பற்றி வைட் 1948இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். அதன் பின் வந்த 'சார்லட்ஸ் வெப்' நாவலின் தொடக்க வரைவுகளில் ஃபெர்ன் என்ற சிறுமி இல்லை. கோடரியோடு கிளம்பும் தந்தையை வழிமறித்து நோஞ்சான் குட்டிக்காக வாதாடும், இன்று எல்லோர் நினைவிலும் இருக்கும் அந்தத் தொடக்கம், பிந்திய வரைவில்தான் வந்து சேர்ந்தது. காப்பாற்றுவது என்றால் என்ன என்பதை வில்பரின் வாழ்க்கையின் முதல் நாளிலேயே ஒருவர் செய்துகாட்டிவிட்டார். இருபது அத்தியாயம் கழித்து வில்பர் முட்டைப் பையை நாக்கில் ஏந்திக்கொண்டு வீடு திரும்புவதற்கான விதை அங்கே விழுந்தது.

செல்வத்தின் கதையிலும் அப்படித்தான் நேர்ந்தது. மூன்றாம் வரைவுவரை, அவன் ஏன் அந்தக் கணத்தில் வாயைத் திறந்தான் என்பதற்குக் கதையில் பிடி இல்லை. திடீரென்று நல்லவனானதுபோல் இருந்தது. நான்காம் வரைவில் முதல் பக்கத்தில் நான்கு வரி சேர்ந்தன. செல்வம் பொய் சொன்ன மறுநாள் அம்மா அவனையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போய் மீதியைக் கேட்கிறாள். அண்ணாச்சிக்கு எதுவும் நினைவில்லை. "கூட்டத்துல மறந்திருப்பேன், இந்தாங்கம்மா" என்று கல்லாவிலிருந்து ஐந்து ரூபாயை எடுத்து நீட்டுகிறார். அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி செல்வம் அந்தக் காசையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.